வினாடி வினா வளர்ந்த வரலாறும் நம் பிள்ளைகளும்

வினாடி வினா என்னும் சொல்லை இன்று நம் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையும் அறியும். வினாத் தொடுக்கப்பெற்ற சில வினாடிகளுக்குள் விடை கூறல் வேண்டும் என்பதால் இப்போட்டிக்கு இப்பெயர் பொருத்தமாக அமைந்தது. பள்ளி ஆண்டு விழாவிலும் நூலக வார விழாவிலும் தொலைக்காட்சியிலும் இதனைக் காண்கிறோம். காண்பவர் பலர் இதனை ஒரு பொழுதுபோக்கு எனக் கருதிக் கைதட்டிவிட்டுச் செல்கின்றனர். நம் சமுதாயத்து இளைஞர்கள் இதனை அவ்வாறு எளிதாகக் கடந்து செல்லுதல் ஆகாது. இப்போட்டி எங்கே தோன்றிற்று, எவர் வீட்டுப் பிள்ளைகள் முதலில் அம்மேடையில் அமர்ந்தனர், நம் பிள்ளைகள் நெடுங்காலம் ஏன் அங்கே காணப்படவில்லை என்னும் மூன்றையும் அறிந்துகொண்டால், வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் இனி ஆற்றவேண்டிய பணி யாது என்பது தெளிவாகும்.

வினாவும் விடையும் நமக்குப் புதியன அல்ல

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவரும் மனப்பாடம் செய்கின்றனர். விடையைத் தான் அறிந்திருந்தும் பிறர் அறிவாரா எனச் சோதிக்கும் பொருட்டுக் கேட்பது அறிவினா. தான் அறியாத ஒன்றை அறிந்துகொள்ளும் பொருட்டுக் கேட்பது அறியாவினா. வினாடி வினாப் போட்டியில் கேட்கப்பெறுவன யாவும் அறிவினாக்களே. இவ்வேறுபாட்டை இளைஞர்கள் மனத்தில் இருத்திக் கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இலக்கணம் கற்றவர்களிடம் மட்டுமே வினா விடை இருந்தது என எண்ணவேண்டா. காவிரிக் கழனிகளில் நடவு நட்ட நம் தாய்மார் குனிந்த முதுகோடு ஒருவர்க்கொருவர் விடுகதை போட்டுக் களைப்பைப் போக்கினர். எழுத்தறியாத அவர்களுடைய மூளை எத்துணைக் கூர்மை உடையது என்பதற்கு அவ்விடுகதைகளே சான்று. தஞ்சை மண்ணில் மராட்டியர் காலத்தில் வேரூன்றிய லாவணியையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். காமன் பண்டிகையின்போது மன்மதன் எரிந்தான் என ஒரு கட்சியும், எரியவில்லை என மற்றொரு கட்சியுமாக இரு அணியினர் எதிரெதிரே அமர்வர். ஒரு கட்சி பாட்டினால் வினாத் தொடுக்கும்; மறுகட்சி பாட்டினாலேயே விடையிறுக்கும். விடை தோன்றாது திகைத்த கட்சி ஊரார் முன்னிலையில் தோற்றதாகும். இரண்டு அணி, கேட்பதற்கு ஒரு கூட்டம், காலந்தாழ்த்தாத விடை ஆகிய அனைத்தும் அங்கே இருந்தன.

நம் முன்னோடியான பண்டிதர் அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அவ்விதழில் வாசகர் எழுதியனுப்பும் ஐயங்களுக்கு அவர் விடையளித்து வந்தார். சமயம், வரலாறு, மொழி எனப் பலவற்றைப் பற்றியும் எளிய மக்கள் வினா எழுப்பினர். கேட்கும் உரிமை தமக்கும் உண்டு என அவர்கள் உணர்ந்தமைக்கு அப்பகுதி ஓர் அடையாளம் ஆகும்.

பொது என்னும் சொல்லின் பொருள்

வினாடி வினாவில் கேட்கப்பெறுவது ‘பொது அறிவு’ என வழங்கப்படுகிறது. பொது என்னும் சொல்லை நம் சமுதாயம் அவ்வளவு எளிதாக நம்பிவிட இயலாது. பொதுக்கிணறு என்றார்கள், நம் பாட்டிமார் அதில் குடத்தை இறக்க முடியவில்லை. பொதுவழி என்றார்கள், நம் பாட்டன்மார் அதில் நடக்க முடியவில்லை. பொதுச்சாலைகளிலும் தெருக்களிலும் கிணறுகளிலும் எவருக்கும் தடை கூடாது என்னும் தீர்மானம் சென்னைச் சட்டசபையில் 1924-ஆம் ஆண்டில் நிறைவேறியது. இரட்டைமலை சீனிவாசனார் முதலிய நம் தலைவர்கள் அம்மன்றத்தில் இவ்வுரிமைக்காகப் பாடுபட்டனர். பொதுவானவை நமக்கும் பொது என்பதைச் சட்டம் இயற்றி உரைக்கவேண்டிய நிலையில் நாடு இருந்தது. கிணற்றுக்கும் வழிக்கும் நேர்ந்த அதே கதைதான் அறிவுக்கும் நேர்ந்தது.

அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது நிகழ்ந்ததை அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் செய்து காட்டுமாறு ஆசிரியர் அவரை அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. பலகையின் பின்னால் மற்ற மாணவர் தம் உணவுப் பாத்திரங்களை வைத்திருந்தனர். அவர் பலகையைத் தொடுமுன்னர் ஓடிச்சென்று அவற்றை அப்புறப்படுத்தினர். விடை தெரிந்த மாணவன் ஒருவன், அவ்விடையைப் பலர் காண எழுதும் இடத்தை அடைவதற்கே இத்துணைத் தடை இருந்தது. அவர் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார் என்பதும், பின்னாளில் இந்நாட்டின் அரசியல் சட்ட வரைவுக் குழுவிற்குத் தலைமை தாங்கினார் என்பதும் நாம் அறிந்தவையே.

நம் திருவாரூர் மனுநீதிச் சோழன் கதைக்குப் பேர்போன ஊர். கன்றை இழந்த பசுவும் ஆராய்ச்சி மணியை இழுத்து நீதி கேட்டது எனக் கதை கூறுகிறது. கோயிலருகே கல்தேரும் நிற்கிறது. பசுவின் கொம்புக்கு எட்டிய மணி மக்கள் யாவர் கைக்கும் எட்டிற்றா என்று நாம் கேட்டால் அது குற்றமாகாது. வினாடி வினா மேடையிலும் ஒரு மணி உண்டு. முதலில் அழுத்தியவர்க்கே விடை கூறும் உரிமை. அந்த மணி யார் கைக்கு எட்டிற்று என்பதே இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி.

மேலை நாடுகளில் பள்ளி அணிகள்

உயர்நிலைப் பள்ளி மாணவரை அணியாக அமர்த்தி வினாத் தொடுக்கும் முறை வானொலியிலேயே வளர்ந்தது. இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலி 1948-இல் ‘டாப் ஆஃப் தி ஃபார்ம்’ என்னும் பள்ளிப் போட்டியைத் தொடங்கியது. 1962 முதல் 1975 வரை அது தொலைக்காட்சியிலும் இடம்பெற்றது. அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்கான ‘காலேஜ் பௌல்’ 1953-இல் வானொலியிலும் 1959-இல் தொலைக்காட்சியிலும் வந்தது. வாஷிங்டன் நகரில் 1961-ஆம் ஆண்டு தொடங்கிய ‘இட்ஸ் அகாடமிக்’ உயர்நிலைப் பள்ளி அணிகளுக்கே உரியது. அறுபது ஆண்டுகளைக் கடந்து நடந்த அந்நிகழ்ச்சி, உலகில் மிக நீண்ட காலம் நடைபெற்ற தொலைக்காட்சி வினாடி வினா எனக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

பள்ளிகளில் நிறவேற்றுமை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954-இல்தான் தீர்ப்பளித்தது என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்த்தல் நலம். கறுப்பின மக்களுக்கெனத் தோன்றிய கல்லூரிகள் பின்னர் ஒரு நல்வழி கண்டன. அக்கல்லூரிகளுக்கு மட்டுமேயான வினாடி வினாப் போட்டி 1989-இல் ஹோண்டா நிறுவனத்தின் ஆதரவில் தொடங்கியது. சில ஆண்டுகள் கறுப்பின மக்களுக்கான தொலைக்காட்சியிலும் அது ஒளிபரப்பாயிற்று. தம் பிள்ளைகள் அஞ்சாமல் அமர்வதற்குத் தமக்கென ஒரு மேடை அவர்களுக்குக் கிடைத்தது. இச்செய்தி நமக்குப் பாடமாகத்தக்கது.

இந்தியாவில்

நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நீல் ஓ பிரையன் நடத்திய போட்டியே முறையாக நடந்த முதல் பொது வினாடி வினா எனக் கூறுவர். பள்ளி மாணவர்க்கான பெரும் போட்டி 1972-இல் தொடங்கிய ‘போர்ன்விட்டா குவிஸ் கான்டெஸ்ட்’ ஆகும். சத்துப்பானம் விற்கும் நிறுவனம் ஒன்று தன் விளம்பரத்திற்காக நடத்தியதெனினும், நாடெங்கும் மாணவர் அதனை வானொலியில் ஆவலோடு கேட்டனர். முதலில் ஹமீத் சயானியும், 1975-இல் அவர் மறைந்தபின் அவர்தம் இளவல் அமீன் சயானியும் அதனை நடத்தினர். 1985-இல் சித்தார்த்த பாசு நடத்திய ‘குவிஸ் டைம்’ தூர்தர்ஷனில் கல்லூரி அணிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. 1992-இல் போர்ன்விட்டா போட்டி ஜீ தொலைக்காட்சிக்கு மாறியது. நீல் ஓ பிரையனின் மைந்தர் டெரிக் ஓ பிரையன் வினாத் தொடுத்தார். பள்ளிச் சீருடை அணிந்த மாணவர் திரையில் அமர்ந்து விடை கூறும் காட்சி அன்றுமுதல் இந்திய வீடுகளில் பழகிய காட்சி ஆயிற்று.

திரை நம் ஊருக்கு வந்த கதை

தஞ்சைத் தரணிக்கு அறிவு காற்றின் வழியே வந்த கதை சுவையானது. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்வகையை உழவர்க்கு எடுத்துரைப்பதில் வானொலி பெரும்பங்கு ஆற்றியமையால் மக்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஊராட்சி வானொலிப் பெட்டியின் ஒலி வயல்வரப்பைத் தாண்டி நம் குடியிருப்பிற்கும் கேட்டது. ஒலிக்கு யாரும் வேலி போட இயலவில்லை.

தொலைக்காட்சி அவ்வாறு வரவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிற்று. எனினும் அதன் ஒளிபரப்பு தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கடந்து இவ்வளவு தொலைவு எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபின், நெடிய கம்பத்தில் ஆண்டெனா கட்டிய கடலோர ஊர்களில் அந்நாட்டுப் படமே முதலில் தெரிந்தது. 1987-இல் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்தபின் தென்மாவட்டங்கள் பலவற்றிற்கு தூர்தர்ஷன் கிட்டிற்று. நாம் பள்ளிப் பிள்ளையாக இருந்த அந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டி ஊர்த்தெருவில் இரண்டொரு வீடுகளில் மட்டும் இருந்தது. நம் தெருப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர் தலைகளுக்கிடையே தெரிந்ததைப் பார்த்தனர். அறிவுப் போட்டியைக் காண்பதற்கே வெளியில் நிற்கவேண்டிய பிள்ளை, அதில் பங்குபெறக் கனவு காண்பது எங்ஙனம்?

இந்நிலை ஒரே நாளில் மாறவில்லை. திருவாரூரில் பள்ளிக் கல்வி பயின்ற கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில், 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அதன் பின்னரே நம் குடியிருப்புகளில் பெரும்பாலான குடிசைகளுக்குள் பெட்டி வந்தது. அத்திட்டத்தைப் பற்றிப் பலரும் பலவாறு பேசினர். சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

மேடையின் படிகள்

பெட்டி வீட்டிற்குள் வந்தமையால் மேடையும் கிட்டிவிட்டது எனல் இயலாது. தொலைக்காட்சி வினாடி வினாவின் அமைப்பை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். முதலில் எழுத்துத் தேர்வு நடைபெறும். அதில் பெரும்பாலான அணிகள் கழிந்துபோகும். எஞ்சிய சில அணிகளே மேடையேறும். நேர்வினாச் சுற்று, ஓர் அணி விடை தவறின் அடுத்த அணிக்கு வினா செல்லும் சுற்று, படச் சுற்று, ஒலிச் சுற்று, மணிச் சுற்று, விரைவுச் சுற்று எனப் பல உண்டு. மணிச் சுற்றில் தவறாக விடை கூறினால் மதிப்பெண் குறையும். ஆகவே அறிவோடு துணிவும் நிதானமும் தேவைப்படுகின்றன.

இவற்றுள் முதற்படியான எழுத்துத் தேர்விலேயே நம் பிள்ளைகளில் மிகப் பலர் நின்றுவிடுகின்றனர். சில ஆண்டுகளுக்குமுன் நகரத்தில் நடந்த ஒரு போட்டிக்கு நம் மாணவியர் இருவரை அழைத்துச் சென்றோம். வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஆறுகள், அரசியல் சட்டம், விஞ்ஞானிகள் பற்றிய வினாக்களுக்கு அவர்கள் விடை எழுதினர். வெளிநாட்டுக் கார்களின் சின்னங்கள், விமான நிறுவனங்களின் விளம்பர வாசகங்கள், ஆங்கிலச் சிறுவர் கதைகளின் பாத்திரங்கள் ஆகியவற்றில் விடை எழுதாது விட்டனர். பேருந்தில் திரும்புகையில் ஒரு மாணவி, “ஐயா, குறுவை, தாளடி பற்றி ஒரு கேள்விகூட இல்லையே, அதெல்லாம் பொது அறிவு இல்லையா?” என்றாள். விவசாயக் கூலியின் மகள் கேட்ட அந்த வினா அறியாவினா. அன்றைய வினாத்தாளில் இருந்த எந்த வினாவையும்விட அது பெரிது.

பொது அறிவு என்பது பெரும்பாலும் வீட்டில் கிடைப்பது. நாள்தோறும் செய்தித்தாள் வரும் வீடு, நூலடுக்கு உள்ள வீடு, உணவு வேளையில் உலகச் செய்தி பேசப்படும் வீடு ஆகியவற்றில் வளரும் பிள்ளை, படிக்காமலே பாதி விடைகளைப் பெற்றுவிடுகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அவ்வீடு இல்லை. அந்தக் குறையை மூளையின் குறை எனப் பிள்ளை நினைத்துவிடுவதே பெருந்தீங்கு. எத்தனை பிள்ளைகள் அவ்வாறு நினைத்து வாய்மூடிப் பின்வரிசைக்குச் சென்றுவிட்டனர் என்பதை ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் நன்கு அறிவோம்.

மாறிவரும் காலம்

2019 ஆகஸ்ட் 26-இல் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே கொரோனாக் கொடுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் அதன்வழியே வீடுகளை அடைந்தன. 2021-இல் மத்திய அரசு விளையாட்டையும் உடல்நலத்தையும் பொருளாகக் கொண்ட ‘ஃபிட் இந்தியா’ வினாடி வினாவைப் பள்ளிகளுக்கென நடத்தித் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பியது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டு முதல் இலக்கிய மன்றம், வானவில் மன்றம், சிறார் திரைப்படம் ஆகியவற்றோடு வினாடி வினாவும் பள்ளிச் செயல்பாடாக இடம்பெற்றது. இணையவழி வினாடி வினாவில் வென்ற அரசுப் பள்ளி மாணவர் அறுபதுக்கும் மேற்பட்டோர் 2022 நவம்பரில் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லப்பெற்றனர். விடை தெரிந்தமையால் அரசுப் பள்ளிப் பிள்ளை வானூர்தி ஏறியது என்னும் செய்தி நம் தெருக்களில் உரக்கச் சொல்லத்தக்கது.

இது விளையாட்டோடு முடிவதில்லை. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் வென்ற பிள்ளைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்கள். அவற்றுள் 100 தமிழுக்கும், 75 பொது அறிவுக்கும், 25 திறனறிவுக்கும் உரியன. கிராம நிர்வாக அலுவலர் நாற்காலிக்கும் இளநிலை உதவியாளர் மேசைக்கும் வழி இந்த வினாத்தாளின் ஊடாகவே செல்கிறது. பதினான்கு வயதில் வினாடி வினாவில் பழகிய பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதில் அவ்வினாத்தாள் அச்சந் தாராது.

நம் சங்கம் செய்யவேண்டுவன

சங்கத்தின் மாலைநேரப் பயிற்சி நிலையங்கள் ஒவ்வொன்றிலும் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் வினாடி வினா நடத்துதல் வேண்டும். ஒவ்வோர் அணியிலும் மாணவியர் இடம்பெறுதல் கட்டாயம் ஆதல் வேண்டும். ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு தமிழ் நாளிதழும் ஓர் ஆங்கில நாளிதழும் சங்கத்தின் செலவில் வரவேண்டும். ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுதல் கூடாது. அதனைக் கற்றே அண்ணல் உலக அரங்கில் நமக்காக வாதாடினார். அதே வேளையில் தமிழில் விடை கூறுவதற்கு நாணுதலும் கூடாது.

யாவற்றினும் முதன்மையாக, நம் பிள்ளைகள் தாமே வினா எழுதப் பழகுதல் வேண்டும். வாரந்தோறும் ஒவ்வொரு பிள்ளையும் பாடநூலிலிருந்து ஒன்றும், செய்தித்தாளிலிருந்து ஒன்றும், தம் வீட்டு முதியோரைக் கேட்டு ஒன்றுமாக மூன்று வினாக்களை விடையோடு எழுதிவரட்டும். சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய ஆண்டு எது? 1916. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்திற்கு வந்த ஆண்டு எது? 1952. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25-இல் தீயில் மாண்டவர் எத்துணைப் பேர்? 44. மரபு நெல்வகைகளைத் தேடிக் காத்த நெல் ஜெயராமன் திருவிழா நடத்திய ஊர் எது? திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் எது? ஜூன் 12. இவையும் பொது அறிவே. இவற்றை நாம் எழுதினால் அன்றி வேறு யார் எழுதுவர்?

முன்னர்க் கூறிய நன்னூல் பாகுபாட்டிற்கு மீண்டும் வருவோம். பிறர் தொடுக்கும் அறிவினாக்களுக்கு விடை கூறி வெல்லுதல் முதற்படி. அதற்குரிய பயிற்சியை இன்றே தொடங்கவேண்டும். வென்றபின் அங்கேயே நின்றுவிடுதல் கூடாது. வினாத்தாளை எழுதும் நாற்காலியிலும், பாடநூலை ஆக்கும் குழுவிலும், தொலைக்காட்சியில் வினாத் தொடுப்பவர் இடத்திலும் நம் பிள்ளைகள் அமர்தல் வேண்டும். அவற்றிற்கும் மேலாக, ‘ஏன் இவ்வாறு இருக்கிறது?’ என எவர் முன்னும் அஞ்சாது அறியாவினா எழுப்பும் மக்களாக அவர்கள் வளர்தல் வேண்டும். நம் முன்னோர்க்கு விடைகள் மட்டும் மறுக்கப்படவில்லை. கேட்கும் உரிமையே மறுக்கப்பட்டது. அவ்வுரிமையை மீட்ட தலைமுறையின் பிள்ளைகள் நீங்கள்.

இளைஞர்களே! மணி இப்பொழுது உங்கள் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மாலை உங்கள் தெருப் பயிற்சி நிலையத்திற்கு மூன்று வினாக்களோடு வாருங்கள்.